கேத்தல்ல போட்டுக் காட்டின கொட்டகலைப் பாஸ்

கொழும்புலருந்து வரும்போது கினிகத்தேனை ஏத்தம் ஏறி, வட்டவளை தாண்டினதும் கார் பொசுக்குனு நின்னுரும். அரை மணித்தியாலம் பொனட்டைத் தூக்கி வச்சிட்டு மழையில நின்னா, ஒன்னுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். முதல்ல காட்டின இடத்துல பெற்றோல் பம்ப்தான்னு சொல்லி 18,000 ரூபா வாங்கிட்டாங்க. அடுத்த கிழமை அதே வட்டவளை, அதே மழை.

அப்புறந்தான் கொட்டகலையில கார் திருத்துற இந்தப் பாஸ்கிட்ட போனேன். போர்டு கிடையாது, தகரக் கூரை, ஒரு நேரத்துல ஒரு வாகனந்தான் நிக்கும். பம்ப் பக்கமே அவர் போகல்ல. "தம்பி, நிக்கிறப்போ சாவியத் திருப்பினா இன்ஜின் வேகம் காட்டுற ஆர்பிஎம் முள்ளு அசையுதா?"ன்னு கேட்டாரு. யோசிச்சுப் பார்த்தேன். அசையவே அசையாது. ஸ்கேனர் போட்டா பி0335ன்னு கோளாறுக் கோட் வந்துச்சு. கிரேங்க் சென்சர்.

இன்ஜினுக்குள்ள சுத்துற தண்டுதான் கிரேங்க். அது எந்த இடத்துல சுத்துதுன்னு அந்த சென்சர் சொன்னாத்தான் கம்ப்யூட்டர் பெற்றோலும் விடும், பிளக்குக்குக் கரண்டும் விடும். சென்சர் வாய மூடினா ரெண்டும் கட்.

இன்ஜினுக்குப் பின்னால, கை மட்டும் நுழையிற இடம். 10ஆம் நம்பர் சாவியில ஒரே ஒரு போல்ட். ஆனா சென்சரச் சுத்தியிருக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங், காஞ்சு ஒட்டிப்போனதால எண்ணெய் விட்டு மெதுவாத் திருகித் திருகியே முக்கா மணித்தியாலம் போச்சு. வெளிய வந்தப்போ நுனிக் காந்தத்துல இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்துச்சு.

கோளாறு இந்த சென்சர்தானான்னு எனக்கு இன்னும் சந்தேகம். மனுசன் பேசாம சென்சர்ல மீட்டர வச்சாரு, ரெசிஸ்டன்ஸ் காட்டிச்சு. சென்சர சொப்பிங் பேக்குல சுத்தி, கொதிக்கிற கேத்தல்ல கொஞ்ச நேரம் போட்டு எடுத்துத் திரும்ப வச்சாரு. ஒன்னுங் காட்டல்ல. சூடானா உள்ளுக்குள்ள கம்பி விட்டுருது, ஆறினா ஒட்டிக்குது. ஏத்தத்துல நின்ன கதை அவ்வளவுதான். (அதே கேத்தல்லருந்து பிளேன்டீ ஊத்தித் தந்தாரு. வேணாம்னுட்டேன்.)

ஜப்பான்லருந்து வந்த, பழைய கார்ல கழட்டின சென்சர் 4,500, புது ஓ-ரிங் 150, கூலி 1,500. புதுசே போட்டுருக்கலாம், வெலை மூணு மடங்குக்கு மேல சொன்னாங்க.

குறையும் இருக்கு. காலையில 8 மணிக்கு விட்ட கார் கைக்கு வரும்போது 4 மணி. சாமான் வாங்க அட்டன் போனவரு சாப்பிட்டுட்டுத்தான் வந்தாரு. பில் கேட்டா சிகரெட் அட்டையில எழுதித் தாராரு.

அதுக்கப்புறம் நாலு தரம் கினிகத்தேனை ஏறிட்டேன், நிக்கல்ல. போன் எடுக்க மாட்டாரு, நேராப் போங்க. போயா (பௌர்ணமி லீவு) நாள்ல மூடியிருக்கும்.