ஊர் கார்னிவலுக்கு எந்த வண்டி கேட்பது: பிளாட்பெட்டா, ஆர்ட்டிக்கா, டிராக்டரா?

இங்கிலாந்தின் சின்ன ஊர்களில் கோடைக்கால கார்னிவல் ஊர்வலம் நகர்வதே பல இடங்களில் உள்ளூர் லாரி முதலாளிகளின் தயவில்தான். வண்டி வாடகை, டிரைவர் சம்பளம், டீசல் என்று எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தால் கமிட்டிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கமிட்டிக்காரர் ஒருவர் லாரி யார்டுக்குப் போய், ஒரு சனிக்கிழமைக்கு ஒரு வண்டியும் ஓட்ட ஒரு ஆளும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வருவார். முதலாளிக்கும் இதில் லாபம் இல்லாமல் இல்லை. ஊரே கூடி நிற்கிற தெருவில் கம்பெனிப் பெயர் எழுதிய கேபின் மெதுவாகப் போகும். டிரைவர் முந்தின நாளே குரோமைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருப்பார்.

இப்போது தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் அலங்கார ஊர்தி விட ஆசைப்படுகின்றன. "எதைக் கேட்பது?" என்று பேச்சு வந்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும். பெரிய டிரெய்லர் வந்தால்தான் கௌரவம் என்பார்கள் ஒரு பக்கம். தெரிந்த பண்ணைக்காரரிடம் டிராக்டர் கேட்டால் போதும், எதற்கு வம்பு என்பார்கள் மறுபக்கம். என் கட்சி வேறு: 18 டன் பிளாட்பெட், அதாவது கூரையும் பக்கச்சுவரும் இல்லாத தட்டையான தளம் உள்ள லாரி, அதைத் தினமும் ஓட்டுகிற டிரைவரோடு. இந்த இரண்டாவது பாதி முக்கியம். வண்டியை மட்டும் வாங்கிக்கொண்டு "எங்கள் ஆளே ஓட்டுவார்" என்று சொல்லாதீர்கள். இதுதான் ஆகப் பெரிய தப்பு.

ஆர்ட்டிக்கை முதலில் பார்த்துவிடலாம், அதன் மேல்தான் ஆசை அதிகம். நம்மூரில் டிரெய்லர் லாரி என்கிறோமே, அதுதான்: முன்னால் இழுக்கும் கேபின், பின்னால் கழற்றி மாட்டும் டிரெய்லர். டிரெய்லர் மட்டும் வழக்கமாக 13.6 மீட்டர். கேபினோடு சேர்த்து வழக்கமாக 16.5 மீட்டர் வரை வரும், அதாவது 54 அடி. மேடை போல விரிந்து கிடக்கும், நாற்பது பிள்ளைகளை ஏற்றலாம் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் சந்தைக்கடைத் தெருவில் திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரங்கள் கேபின் போன வழியில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த மூலையில்தான் மடக்கு நாற்காலி போட்டுத் தாத்தா பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள், குழந்தைகள் நடைபாதை விளிம்பில் காலைத் தொங்கவிட்டிருப்பார்கள். வழக்கமான நாளில் டிரைவர் வெளியே அகலமாக எடுத்துத் திரும்புவார். கூட்டம் இருபுறமும் நெருக்கும்போது அந்த அகலம் கிடைக்காது.

இன்னொன்று, இப்போது பெரும்பாலான கம்பெனிகளில் கர்ட்டன்சைடர்தான் அதிகம்: மேலே கூரை, பக்கத்தில் இழுத்து மூடும் திரை. மழைக்கு அது வரம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஆங்கிலேயக் கோடையை நம்பி யாரும் பட்டுப்பாவாடை கட்ட முடியாது. ஆனால் திரையைத் திறந்து வைத்தாலும் உள்ளே இருட்டு. கூரையைத் தாங்கும் தூண்கள் நடுவில் மறைக்கும். தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் கிடங்குக்குள் பிள்ளைகள் நிற்பது போலத் தெரியும். ஓட்டுவதற்கும் சி பிளஸ் இ லைசென்ஸ், அதாவது டிரெய்லர் மாட்டிய கனரக லாரிக்கான லைசென்ஸ், உள்ளவர் வேண்டும். 2021இல் பிரிட்டன் முழுக்க லாரி டிரைவர் தட்டுப்பாடு வந்தபோது எல்லாரும் தேடித் திரிந்தது பெரும்பாலும் இவர்களைத்தான்.

ஊர் நடுவே அகலமான நேர்சாலை இருந்து, ஊர்வலம் எங்கும் கூர்மையாகத் திரும்பாது என்றால் ஆர்ட்டிக் வாங்குங்கள். அப்போதும் லோ லோடர் டிரெய்லராகக் கேளுங்கள். தளம் தாழ்ந்திருக்கும், ஏற்றி இறக்குவது சுலபம்.

டிராக்டர் கட்சிக்காரர்கள் உடனே தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட்டைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதும்தான். அங்குள்ள பிரிட்ஜ்வாட்டர் ஊரில் நவம்பர் மாதம் நடக்கும் கார்னிவலுக்கு 1605ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி வரைக்கும் வேர் போகிறது. அங்கே ஊர்திக்கு 'கார்ட்' என்று பெயர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 அடி நீளம், 16 அடி உயரம் வரை போகும். அதில் ஆயிரக்கணக்கான பல்புகள், எரியவைக்கப் பின்னாலேயே ஒரு பெரிய ஜெனரேட்டர், எல்லாவற்றையும் இழுப்பது டிராக்டர். கார்னிவல் கிளப்புகள் வருஷம் முழுக்க ஷெட்டில் வெல்டிங் வைத்துக்கொண்டிருப்பார்கள். கார்னிவல் முடிந்ததும் அதே கார்ட்டுகளை வெஸ்டன்-சூப்பர்-மேர், வெல்ஸ், கிளாஸ்டன்பரி என்று பக்கத்து ஊர்களுக்கும் கொண்டுபோவார்கள். தெருவோரம் நிற்கிற ஜனம் தர்மகாரியத்துக்குக் காசு போடும்.

டிராக்டர் அங்கே ஏன் ஜெயிக்கிறது என்பது வெளிப்படை. வயலில் தவழ்வதற்கென்றே அதில் மிகக் குறைந்த வேக கியர்கள் உண்டு. மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டரில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் சலிக்காமல் இழுக்கும். பின்புறச் சுழல்தண்டில் ஜெனரேட்டரை மாட்டிக்கொள்ளலாம். ஓட்டுபவர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கலாம். லாரி லைசென்ஸும் பொதுவாகத் தேவையில்லை.

ஆனால் பிரிட்ஜ்வாட்டரின் கார்ட்டுகள் அந்த வேலைக்கென்றே கட்டியவை. உங்களுக்குக் கிடைக்கப்போவது வைக்கோல் கட்டு ஏற்றுகிற பண்ணை டிரெய்லர். பல டிரெய்லர்களுக்கு ஸ்பிரிங் கிடையாது, ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றும் மேலே நிற்பவரின் முழங்காலுக்கு வந்து சேரும். தளத்தின் பலகைக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். உட்கார வைக்கோல் கட்டு போடுவது இங்கே வழக்கம். பார்க்க அழகு, பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடினால் பயம். அப்புறம் டீசல். இங்கே பண்ணை வேலைக்கு வரிச்சலுகையோடு சிவப்புச் சாயம் கலந்த டீசல் கொடுக்கிறார்கள், 2022 ஏப்ரலிலிருந்து அதற்கு விதி இறுகிவிட்டது. கார்னிவலுக்கு எந்த டீசல் போடுவது என்பதை வரித்துறையின் விதியைப் பார்த்தும், பண்ணைக் காப்பீடு ஊர்வலத்தை ஏற்குமா என்பதைத் தன் காப்பீட்டாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கியும் பண்ணைக்காரர் தெளிவாக்கித் தரவேண்டும். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, விடுங்கள்" என்று சொல்கிற பண்ணைக்காரரின் டிராக்டர் நமக்கு வேண்டாம்.

சரி, பிளாட்பெட். இரண்டு அச்சு, ஒரே சட்டத்தில் கேபினும் தளமும். திரும்பினால் மொத்தமாகத் திரும்பும், பின்னால் இன்னொரு வண்டி இழுபடாது. டிரெய்லர் இல்லாத லாரிக்கான சி லைசென்ஸ் போதும் என்பதால் கம்பெனியில் இதை ஓட்டக்கூடியவர்கள் கூடுதலாக இருப்பார்கள். கட்டடப் பொருள், இரும்பு, மரம் ஏற்றுகிறவர்களிடம் விசாரியுங்கள், அவர்களிடம்தான் இருக்கும். தளத்தின் ஓரத்தில் பெல்ட் மாட்டும் கொக்கிகள் வரிசையாக உண்டு. பந்தல்காலை அங்கே ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கினால் அசையாது. ஆணி அடிக்க மட்டும் கேட்டுக்கொண்டு அடியுங்கள், அது திங்கட்கிழமை சம்பாதிக்கிற தளம்.

இதன் குறை உயரம்தான். தளம் தரையிலிருந்து சுமார் நாலடி. சேலை கட்டிய டீச்சர் ஏற, பெட்டியைக் கவிழ்த்துப் போட்டால் நடக்காது, கைப்பிடி வைத்த படி வேண்டும். ஓரத்தில் இடுப்பளவு கம்பித் தடுப்பு வேண்டும். துணித் தோரணம் தடுப்பு ஆகாது. கீழே சக்கரத்தை மறைக்கத் தொங்கவிடும் பாவாடைத் துணி புகைக்குழாய்ப் பக்கம் போகக்கூடாது. இந்தக் கால லாரிகளில் புகைவடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த நேரத்தில் குழாய் கொதிக்கும். அதைத் தள்ளிப்போட டாஷ்போர்டில் சுவிட்ச் பல வண்டிகளில் உண்டு. அது எங்கே என்று டிரைவருக்குத் தெரியும். வண்டியோடு டிரைவரையும் கேளுங்கள் என்றேனே, அதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கிளட்ச். இப்போதைய லாரிகளில் பெரும்பாலும் கிளட்ச் மிதி கிடையாது, கிளட்சைக் கியர்பெட்டியே தானாகப் பிடித்து விடுவிக்கும். ஊர்வலமோ பத்தடி போகும், நிற்கும், மறுபடி பத்தடி. பழக்கமில்லாதவர் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து ஓட்டினால் அரை மணியில் கருகல் வாசனை வந்துவிடும். பழகிய டிரைவர் கியரை மேனுவலில் வைத்து முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் உருளவிடுவார். முன்னால் இருக்கும் பேண்டு வாத்தியம் இடைவெளி விடும் வரை காத்திருந்து ஒரே சீராகப் போவார். பிரேக்கும் அப்படித்தான். பதினெட்டு டன்னை நிறுத்தச் செய்த ஏர் பிரேக் அது. மேலே இருப்பது இருபது பிள்ளைகளும் ஒரு காகிதக் கோபுரமும் மட்டும் என்றால் வண்டிக்கு அது காலி வண்டிதான். கொஞ்சம் அழுத்தினாலும் வெடுக்கென்று பிடிக்கும், நின்றுகொண்டிருக்கிற பிள்ளை முகம் குப்புற விழும்.

நம்மூர் லாரியில் கிளீனர் உண்டு. ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் ஓடி நின்று "வா வா வா, ரைட்ல ஒடி" என்று வண்டியைத் தட்டுவார். இங்கே டிரைவர் ஒண்டி ஆள். எனவே அந்த வேலைக்கு நாம்தான் ஆள் போடவேண்டும்: ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட, வயதுவந்த ஒருவர், ஊர்வலம் முடியும்வரை நடந்து வரவேண்டும். போன் பார்க்கிற ஆளைப் போடாதீர்கள். கேபினின் இடது முன்மூலைக்குக் கீழே நிற்கிற குழந்தை பல லாரிகளில் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. லண்டனில் இதற்காகவே 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு கேபினிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரியும் என்று நட்சத்திரம் கொடுக்கும் நேரடிப் பார்வைத் தரம் என்று விதி வைத்து, 2024 அக்டோபரில் குறைந்தபட்சத்தை மூன்று நட்சத்திரமாக உயர்த்தினார்கள். அங்கே பழைய லாரிக்கு இன்னொரு செலவும் உண்டு: 2021 மார்ச்சிலிருந்து யூரோ 6 என்ற புகைத் தரம் இல்லாத கனரக வண்டி உள்ளே வந்தால் நாளுக்குக் குறைந்தது 100 பவுண்டு. லண்டனுக்குள் ஊர்வலம் என்றால் நண்பரின் பழைய லாரி இலவசம் என்று சந்தோஷப்படாதீர்கள்.

ஒரு வரியில் சொல்லிவிடக் கூடியவை: பழுதான கார்களைத் தூக்கிச் செல்லும் சரிவுத்தள வண்டி, பத்துப் பிள்ளைகள் மட்டும் உள்ள சின்னச் சங்கத்துக்குப் போதும். மூன்றரை டன் வேன் வேண்டாம், அதில் இடமும் இல்லை, பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லை.

வண்டியைவிடப் பெரிய சண்டை, மேலே யார் ஏறுவது என்பதில்தான் வரும். பரதநாட்டியப் பிள்ளைகளை மேலே ஆடவைக்கலாம் என்பார்கள். ஆடக்கூடாது. நகர்கிற தளத்தில் ஒற்றைக்காலில் நிற்பது அடவு அல்ல, விபத்து. உலகத்தின் பெரிய லாரி கார்னிவல்களைப் பாருங்கள். பிரேசிலின் சால்வடோரில் 1950இல் டோடோ, ஓஸ்மார் என்ற இருவர் 1929ஆம் ஆண்டு ஃபோர்டு காரில் ஒலிபெருக்கி கட்டி வாசித்துக்கொண்டு போனார்கள். அது வளர்ந்து இன்று டிரியோ எலெட்ரிகோ என்ற ராட்சத இசை லாரியாக நிற்கிறது. பாடகர் மேலே, ஆட்டம் முழுக்கக் கீழே, தெருவில். டிரினிடாடிலும் அப்படியே: லாரியில் ஒலிபெருக்கியும் ஜெனரேட்டரும், வேஷம் கட்டியவர்கள் அதன் பின்னால் ஆடி வருகிறார்கள். பிரிட்ஜ்வாட்டரிலோ அசையாமல் சிலை போல நிற்பதற்கென்றே தனியாக ஒரு போட்டிப் பிரிவு உண்டு. ஆக, மேலே மிருதங்கமும் பாட்டும், உட்கார்ந்தபடி. ஆட்டமும் கோலாட்டமும் வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளி, நடையாக. வண்டிக்குப் பின்னால் வேண்டாம், அங்கே ஜெனரேட்டர் புகை.

உயரத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள், டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். பிரிட்டனில் 16 அடி 6 அங்குலத்துக்குக் குறைந்த பாலங்களில்தான் உயரப் பலகை வைப்பார்கள், ஆனால் கடைத்தெருவின் குறுக்கே கட்டிய தோரணத்துக்கும் மரக்கிளைக்கும் பலகை கிடையாது. கம்பி அதைவிட மோசம். 2015 பிப்ரவரியில் ஹைட்டியின் தலைநகர் கார்னிவலில் ஊர்தி மேல் நின்ற பாடகர் மின்கம்பியில் பட்டு, அதைத் தொடர்ந்த நெரிசலில் 16 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் அப்பர் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் போனது நமக்கு மறக்காது. நாலடித் தளத்தின் மேல் எட்டடிப் பந்தல் போட்டால் பன்னிரண்டு. அதற்கு மேல் கோபுரம் வைக்க ஆசைப்பட்டால், கோபுரம் மடங்கும்படி செய்யுங்கள், இல்லையென்றால் ஆசையை மடக்குங்கள்.

கடைசியாக, யார்டுக்குப் போய் எப்படிக் கேட்பது. முதலாளியிடம் கேட்கும் முன் அங்கே டிரான்ஸ்போர்ட் மேனேஜர் யார் என்று பாருங்கள், தேதியும் காப்பீடும் அவர் கையில். வண்டிமேல் ஆள் ஏறப்போகிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, காப்பீட்டாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். டிரைவரின் மணிக்கணக்கும் உண்டு: வழக்கமாக நாளுக்கு 9 மணி ஓட்டம், 11 மணி ஓய்வு, வாரத்துக்கு 45 மணி தொடர் ஓய்வு. கார்னிவல் இலவச உதவிதான் என்றாலும் அந்த சனிக்கிழமையை எப்படிப் பதிவது என்று மேனேஜர் முடிவு செய்யட்டும். நீங்கள் காலை எட்டுக்கு வரச்சொல்லி மாலை ஐந்துக்கு ஊர்வலம் கிளப்பினால், அந்த ஆளின் ஒரு முழு நாள் போச்சு. அலங்காரத்தை முந்தின வாரமே தட்டி தட்டியாகச் செய்து வைத்து, இரண்டு மணி நேரத்தில் பூட்டும்படி வையுங்கள்.

டிரைவருக்குப் பணம் நீட்டாதீர்கள், சிலர் வாங்க மாட்டார்கள், சிலருக்குக் கம்பெனியில் பேச்சு வரும். சாப்பாடு கட்டிக் கொடுங்கள், காரம் தனியாக. தன் வீட்டுப் பிள்ளைகளைக் கேபினில் உட்காரவைக்கலாமா என்று அவரே கேட்பார். மேனேஜர் சரி என்றால் அதற்கு இடம் விடுங்கள், பல டிரைவர்கள் வருவதே அதற்காகத்தான். ஊர்வலம் முடிந்த அன்று இரவே தளத்திலிருந்து டேப், கம்பி, ஜிகினா எல்லாவற்றையும் பிடுங்கிப் பெருக்கிக் கொடுத்துவிடுங்கள். திங்கள் விடியற்காலை அதில் இரும்புக் கம்பி ஏற்றுவார்கள். ஜிகினா அப்படியே கிடந்தால் அடுத்த வருஷம் யார்டு கேட்டைத் தாண்டி உங்களை உள்ளே விடமாட்டார்கள்.