வெள்ளவத்தையில் 10 நாட்கள்

நல்லூர்த் திருவிழாவுக்காக 2025 ஆகஸ்ட் மாதம் ரொறன்ரோவிலிருந்து வந்தபோது, யாழ்ப்பாணம் போவதற்கு முன்னும் பின்னுமாக 10 நாட்கள் கொழும்பில் தங்கினேன். இதற்கு முன்னர் நான் வந்தது 2022இல். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற முச்சக்கரவண்டிகள் காலி வீதியின் ஓரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்ற காலம் அது. இம்முறை அந்த வரிசை இல்லை. செயலியில் அழைத்த ஆட்டோ சில நிமிடங்களில் வாசலுக்கு வந்தது, கட்டணத்தில் பேரம் பேச வேண்டியும் இருக்கவில்லை.

நான் தங்கியது வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு சிறிய விடுதி. அறை துப்புரவாக இருந்தது, குளிரூட்டியும் இணையமும் ஒழுங்காக வேலை செய்தன. குறை இருந்தது ஆட்களில்தான். வரவேற்பில் சாவி தந்த இளைஞரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். மறுநாள் காலை இடியப்பமும் சொதியும் பரிமாறியவரும் அவரே. மேசையில் சம்பல் வந்து, சொதி வருவதற்கிடையில் தொலைபேசி அடித்து, அவர் ஓடிப்போய் முன்பதிவு ஒன்றை எழுதிவிட்டுத் திரும்பியபோது இடியப்பம் ஆறிப்போயிருந்தது. மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. கேட்டபோது, “வேலை பழகுனவங்க எல்லாம் டுபாய், கட்டார், மாலைதீவுன்னு போயிட்டாங்க ஐயா. அடுத்த வருசம் நானும் போயிருவேன்” என்றார்.

அந்தப் பதிலில் இன்றைய சுற்றுலாத்துறையின் நிலை முழுவதும் இருக்கிறது. 2018இல் 23 லட்சத்துக்கு மேல் இருந்த உல்லாசப் பயணிகளின் வருகை, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளாலும் பின்னர் கொரோனாவாலும் சரிந்து 2021இல் 2 லட்சத்தைக்கூட எட்டவில்லை. 2024இல் அது மீண்டும் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பயணிகள் திரும்பிய வேகத்தில் பணியாளர்கள் திரும்பவில்லை. விடுதி ஊழியரின் அடிப்படைச் சம்பளம் சிறியது. வாடிக்கையாளரின் பில்லில் சேர்த்து, மாத முடிவில் பங்கிடப்படும் 10% சேவைக் கட்டணத்தை நம்பியே அவர்களது குடும்பம் நடக்கிறது. அறைகள் வெறுமையாகக் கிடந்த ஆண்டுகளில் அந்தப் பங்கு இல்லாமற்போக, ரூபாவின் பெறுமதியும் 2022இல் விழ, அந்த ஓராண்டில் மட்டும் எல்லாத் துறைகளிலுமாக 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். 2024இல் சுற்றுலா ஈட்டித்தந்தது சுமார் 317 கோடி டொலர்; வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணமோ அதைப்போல இரண்டு மடங்கு. இந்தக் கணக்கைப் பார்த்த பின்னர் அந்த இளைஞரை நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உணவகங்களில் விலை கூடியிருக்கிறது. 4,000 ரூபா உணவுக்குச் சேவைக் கட்டணம் 400, அதனுடன் 18% பெறுமதி சேர் வரி. இந்த வரி 2022இன் தொடக்கத்தில் 8% ஆக இருந்தது. டொலரில் சம்பாதிக்கும் எமக்கு இது தாங்கக்கூடியதே. பக்கத்து மேசையில் பிள்ளைகளுக்கு மட்டும் சோறு எடுத்துக்கொடுத்துவிட்டுத் தாங்கள் பிளேன்ரீ குடித்த கொழும்புக் குடும்பத்துக்கு அப்படியல்ல.

என்னை உண்மையில் வருத்தியது வேறொன்று. தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில், அறையின் அறிவுறுத்தல் அட்டையிலும் உணவுப் பட்டியலிலும் தமிழ் இல்லை. இலங்கைக்கு அதிகமானோர் வருவது இந்தியாவிலிருந்து. அவர்களில் தமிழ்நாட்டவரும் உண்டு. ஆண்டுதோறும் வந்துபோகும் புலம்பெயர்ந்தோரோ வாரக்கணக்கில் தங்குபவர்கள். தமிழ் பேசும் ஊழியர் இந்தத் தொழிலுக்குச் செலவில்லாமல் கிடைத்த மூலதனம். அவரைத் தக்கவைக்கப் பயணிகள் குறையும் மாதங்களிலும் சேவைக் கட்டணத்தில் குறைந்தபட்சத் தொகை ஒன்றை உறுதிசெய்வதே வழி என்று நான் நினைக்கிறேன்.

புறப்படும் அன்று உரிமையாளரிடம் இரண்டையும் சொன்னேன். தமிழ்ப் பட்டியலை அந்த வாரமே அச்சிடுவதாக ஒத்துக்கொண்டார். மற்றதற்கு, “மார்கழி சீசன் எப்படிப் போகுது எண்டு பார்த்துச் சொல்லுறன்” என்றார். இளைஞர் அதற்குள் என் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அடுத்த அறைக்காரருக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.