நாலாவது மாடி இன்வெர்ட்டர்: மூன்று வருஷக் கதை

ரங்கூனில் கரண்டை முறை வைத்து வெட்ட ஆரம்பித்ததும், 2022இல் இன்வெர்ட்டர் வாங்கினேன். கூடவே 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி, அதாவது லெட் ஆசிட் வகை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் அதை நாலாவது மாடிக்குத் தூக்கி வந்த இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

வெட்டு குறைவாக இருந்தவரை கவலை இல்லை. நேரம் நீண்டதும் பாதி ராத்திரியில் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. பேட்டரிதான் மட்டம் என்று நினைத்தேன். பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், "கரண்டு வந்தப்புறம் இதைப் பார்த்தீங்களா?" என்றார்.

கரண்டு வந்ததும் தெருவே "மீ லா பீ!" என்று கத்தும்; பர்மியில் 'கரண்டு வந்துடுச்சு' என்று அர்த்தம். அடுத்த நிமிஷம் எல்லா வீட்டிலும் மோட்டார், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ். வோல்டேஜ் 170க்கு இறங்கிவிடும். என் இன்வெர்ட்டர் யுபிஎஸ் மோடில் இருந்தது. 180க்குக் கீழே போனால் மெயின் கரண்டை ஏற்காது. அதாவது கரண்டு வந்த பிறகும் பேட்டரியைத்தான் குடித்துக்கொண்டிருந்தது! பின்பக்கத்துச் சின்ன சுவிட்சை, குறைந்த வோல்டேஜையும் ஏற்கும் வைட் மோடுக்குத் தள்ளினார். அவ்வளவுதான், சார்ஜ் ஏறியது.

ஆனால் கணக்கு உதைத்தது. இரண்டு ஃபேன், மூன்று எல்இடி பல்பு, வைஃபை எல்லாம் சேர்ந்து 190 வாட். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 18 ஆம்பியர். நாலு மணி நேர வெட்டுக்கு 72 ஆம்பியர் ஹவர் செலவு. கரண்டு இருக்கும் நாலு மணி நேரத்தில் 10 ஆம்பியர் சார்ஜர் போடும் வரவு 40. அதிலும் சேதாரம் உண்டு. லெட் ஆசிட் பேட்டரி நிறையாமலே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியும், டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியை வெந்நீரில் கழுவி வாஸ்லின் தடவியும் என்ன பயன்? இரண்டு வருஷத்தில் செத்தது.

இப்போது 100 ஆம்பியர் ஹவர் லித்தியம். பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இல்லாததால் அதையும் மாற்றினேன். கையைக் கடித்த செலவுதான். ஆனால் 30 ஆம்பியரில் ஏறுவதால் நாலு மணி நேரத்துக்குள் நிறைந்துவிடுகிறது. பன்னிரண்டு கிலோகூட இல்லை, நானே மாடிக்குத் தூக்கி வந்தேன்.

தண்ணீர் மோட்டாரை மட்டும் இதில் போடவில்லை. ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். அதனால் "மீ லா பீ" கேட்டதும் இன்றும் நான் ஓடுவது மோட்டார் சுவிட்சுக்குத்தான்.