பழைய காந்தத்திலிருந்து அருமண்: இரும்பை என்ன செய்வது என்பதே கேள்வி

நியோடிமியம் காந்தத்தின் எடையில் சுமார் 30 சதவீதம்தான் அருமண் தனிமங்கள், அதாவது நியோடிமியம், டிஸ்புரோசியம் போன்ற உலோகங்கள். போரான் 1 சதவீதம். மீதி பெரும்பாலும் இரும்பு. இந்த இரும்பை எப்படிச் சமாளிக்கிறது என்பதை வைத்தே ஒரு மீட்பு முறையை மதிப்பிட வேண்டும்.

முழுவதையும் கந்தக அமிலத்தில் கரைப்பது பார்க்க எளிது, உண்மையில் வீண்செலவு. 1 கிலோ காந்தத்துக்குக் கணக்குப்படி 1.5 கிலோ அமிலம் வேண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்கை இரும்பே தின்றுவிடும். 350 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜனும் கிளம்பும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஒரு தீப்பொறி போதும். கரைசலில் சோடியம் சல்பேட் சேர்த்துச் சூடாக்கினால் நியோடிமியம் இரட்டை உப்பாக வீழ்படியும். ஆனால் டிஸ்புரோசியத்தின் இரட்டை உப்பு கூடுதலாகக் கரையக்கூடியது. விலை அதிகமான அந்த உலோகத்தில் ஒரு பகுதி கழிவுநீரோடு போய்விடும்.

வறுத்துக் கரைப்பதில் இரும்பு திடப்பொருளாகவே நின்றுவிடும். முதலில் 350 டிகிரிக்குச் சூடாக்கிக் காந்தத்தன்மையை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் அரைக்கும் இயந்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே பொடிக்கும்போது மந்த வாயு அவசியம், நுண்தூள் காற்றில் தானே தீப்பற்றும். பிறகு 900 டிகிரியில் காற்றோட்டத்தோடு வறுக்க வேண்டும். வறுபட்டதா என்பதைத் தராசே சொல்லும்: 1 கிலோ சுமார் 1.35 கிலோ ஆகியிருக்க வேண்டும். குறைந்தால் உள்ளே உலோக இரும்பு மிச்சம். அது அமிலத்தில் இறங்கி, ஆக்சாலிக் அமிலம் சேர்க்கும்போது மஞ்சள் இரும்பு ஆக்சலேட்டாகக் கலந்து விழும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அருமண் மட்டும் கரையும், அமிலத் தேவையும் ஐந்தில் ஒன்றாகிவிடும். வடிகட்டிய கரைசலில் சுமார் 400 கிராம் ஆக்சாலிக் அமிலம் சேர்த்தால் அருமண் ஆக்சலேட்டாக வீழ்படியும். வீழ்படிவைச் சுட்டால் அதிகபட்சம் 350 கிராம் ஆக்சைடு கிடைக்கும். இதன் குறை, வறுவலில் நியோடிமியமும் இரும்பும் சேர்ந்த ஆக்சைடு உருவாவது. அது மிக மெதுவாகத்தான் கரையும். அமிலத்தைச் சூடாக்கிப் பல மணி நேரம் கலக்க வேண்டும்.

ஹைட்ரஜன் முறையோ இரும்பைப் பிரிப்பதே இல்லை. நிக்கல் பூச்சில் விரிசல் உண்டாக்கி, அறை வெப்பநிலையில் சில பார் அழுத்தத்தில் ஹைட்ரஜன் செலுத்தினால் காந்தம் உப்பி உதிரும், பூச்சு செதிலாகக் கழன்றுவிடும். செதிலைச் சலித்து நீக்கி, வெற்றிடத்தில் 750 டிகிரியில் ஹைட்ரஜனை வெளியேற்றினால் அதே உலோகக்கலவை தூளாகக் கையில். ஆக்சிஜனோடு சேர்ந்து வீணான அருமண்ணுக்கு ஈடாகக் கொஞ்சம் நியோடிமியம் ஹைட்ரைடு சேர்த்துப் புதுக் காந்தமாக்கலாம்.

ஒரே ரகம், துருவில்லாத காந்தம் என்றால் ஹைட்ரஜனுக்கு நிகரில்லை. ரகம் கலந்தவை, துருப்பிடித்தவை, பிசினில் வார்த்தவை எல்லாம் வறுவலுக்கு. காந்தம் அறுக்கும்போது சேரும் எண்ணெய் கலந்த சேறும் அப்படித்தான்: ஏற்கெனவே தூள், அரைக்கும் வேலை மிச்சம். எண்ணெய் எரிந்து தீரும்வரை உலையின் சூட்டை மெதுவாக ஏற்றினால் போதும்.