கையெழுத்தா, காப்பீடா?

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஏழு நாள். புறப்படும் முன் "எது நடந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல" என்று எழுதி வாங்குவதா, குழு விபத்துக் காப்பீடு எடுப்பதா?

கடிதத்துக்குச் செலவு ஒரு தாள். பலனும் ஏறக்குறைய அவ்வளவே. முதலாண்டு மாணவர் சிலருக்கு 18 வயது நிரம்பியிருக்காது. இளவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. பெற்றோரே கையெழுத்திட்டாலும், கல்லூரியின் அலட்சியத்தை அந்தத் தாள் மூடி மறைத்துவிடும் என்று நம்ப முடியாது. பொதுக் கொள்கைக்கு முரணான ஒப்பந்தத்தை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஏற்பதில்லை. ஆபத்தை முன்கூட்டியே சொன்னோம் என்பதற்கு வேண்டுமானால் அத்தாட்சி.

காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். ஆனால் குளக்கரையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டவன், யார் தவறு என்று வழக்காடாமலே பணம் கேட்கலாம். மருத்துவச் செலவும் உண்டா, மரணத்துக்கும் ஊனத்துக்கும் மட்டுமா என்று பாலிசியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.