முதல் ஏர் பிஸ்டல்: ஸ்டெயர் எல்பி2-வைச் சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பழக வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எந்த பிஸ்டல் வாங்கலாம்?" என்றுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடியிருக்கிறது. நான் சென்னையில் சுடுபவன். ஆஸ்திரியாவில் தயாராகும் ஸ்டெயர் எல்பி2-வைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் கிளப் பிஸ்டல்களில் பழகினேன். நண்பர்களுடைய பிஸ்டல்களிலும் நிறையச் சுட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் பிஸ்டலில் பார்க்க வேண்டியது கிரிப், அப்புறம் ட்ரிகர். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பேரலின், அதாவது குழலின், துல்லியத்தைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை வேண்டாம். போட்டிக்கென்று செய்த எந்த பிஸ்டலையும் கவ்வியில் இறுக்கிச் சுட்டால், பத்து மீட்டரில் அஞ்சு குண்டும் ஒரே ஓட்டையில் போகும். டார்கெட்டில் பத்து வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; 4.5 மி.மீ. பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) அதன் ஓரத்தைத் தொட்டாலே பத்துதான். அதாவது மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். பிஸ்டல் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கும். வெளியே போவது நம் கையால்தான்.

எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குறி பார்க்க பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் இருப்பவைதான் சைட்டுகள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய மூன்றில் ஒரு மீட்டர். டார்கெட் இருப்பது பத்து மீட்டரில். ஆக, சைட்டில் நடக்கும் தவறு டார்கெட்டில் முப்பது மடங்காகிறது. பின் சைட்டின் வெட்டுக்குள் முன் சைட் கால் மில்லிமீட்டர் ஒதுங்கினால் டார்கெட்டில் ஏழரை மில்லிமீட்டர். பத்து கைவிட்டுப் போகும் விளிம்பு அது. ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து கை முழுவதும் லேசாக ஆடினால், அதே கால் மில்லிமீட்டர் ஆட்டம் டார்கெட்டிலும் கால் மில்லிமீட்டர்தான். மணிக்கட்டு திரும்பாமல் இருப்பதுதான் இங்கே எல்லாம். அதைக் காப்பாற்றித் தருவது கிரிப்.

அதனால்தான் கிரிப்பை முதலில் சொன்னேன். வால்நட் மரத்தில் எஸ், எம், எல் என்று அளவு வாரியாக, இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனியாக வரும். கீழே உள்ளங்கையைத் தாங்கும் பலகையை மேலும் கீழும் நகர்த்திக்கொள்ளலாம். சரியான அளவா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிஸ்டலைப் பிடித்து, ட்ரிகரில் விரல் வைக்காமல், கண்ணை மூடிக் கையை டார்கெட் உயரத்துக்குத் தூக்குங்கள். அப்படியே நிறுத்திக் கண்ணைத் திறந்தால் முன் சைட், பின் சைட்டின் நடுவில் தானாக வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் அந்த கிரிப் உங்களுடையது இல்லை, அல்லது இன்னும் செதுக்க வேண்டியிருக்கிறது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் மரம் உரசக் கூடாது என்பதையும் பாருங்கள். உரசினால் ட்ரிகரை இழுக்கும்போது பிஸ்டலும் சேர்ந்து நகரும்.

என் கைக்கு எம் அளவு பொருந்தியது. ஆனாலும் வந்தபடியே பயன்படுத்தவில்லை. கட்டைவிரல் அடியில் கொஞ்சம் தேய்த்து, உள்ளங்கைக் குழியில் மரப் புட்டி வைத்து நிரப்பினேன். இது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. ஒரு இடத்தில் தேய்த்து, சில வாரம் சுட்டு, அப்புறம் அடுத்த இடம். வளரும் பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள் கிரிப்பை மட்டும் பிறகு மாற்ற முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக வாங்கி வைத்தால் வளர்ந்ததும் சரியாகிவிடும் என்ற கணக்கு பள்ளிச் சீருடைக்குத்தான் பொருந்தும். தளர்ந்த பிடியில் பழகிய கை அதையே பிடித்துக்கொள்ளும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

அடுத்து ட்ரிகர். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் இழுவை இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. போட்டிக்கு முன் பரிசோதனை மேசையில், பேரலை மேல் நோக்கிப் பிடித்து, 500 கிராம் எடைக்கல்லை ட்ரிகரால் தூக்கிக் காட்ட வேண்டும். எல்பி2-வில் இரண்டு கட்ட ட்ரிகர். முதல் கட்டத்தில் விரல் பெரும்பகுதி எடையை எடுத்துக்கொள்கிறது. பிறகு ஒரு சுவர் தட்டுப்படும். அங்கிருந்து சின்ன அழுத்தம்தான், குண்டு கிளம்பிவிடும். எடை, முதல் கட்டத்தின் நீளம், ட்ரிகர் நாக்கின் இடம் எல்லாவற்றையும் திருகி மாற்றலாம். நான் 500-க்கு ஒட்டி வைக்காமல் சற்றுக் கூடுதலாகவே வைத்திருக்கிறேன். இத்தனை காலத்தில் அந்த இழுவை மாறவே இல்லை. எனக்கு இந்த பிஸ்டலில் மிகவும் பிடித்தது இதுதான்.

காற்றைச் செலவழிக்காமல் ட்ரிகரை மட்டும் இயக்கும் ட்ரை ஃபயர் வசதியும் உண்டு. புதியவர்கள் இதன் மதிப்பை முதலில் உணர்வதில்லை. வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று, முன் சைட்டில் மட்டும் கண்ணை வைத்து, ட்ரிகர் விழும்போது சைட் அசைகிறதா என்று பார்க்கும் பயிற்சி இது. ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக்கூடத்துக்கு) போக முடியாத நாட்களில் வீட்டிலேயே செய்யலாம். எனக்கு முன்னேற்றம் கிடைத்ததில் பாதி இந்தச் சுவர்ப் பயிற்சியால்தான் என்று நம்புகிறேன். பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, பிஸ்டல் காலியா என்று பார்த்த பிறகே செய்யுங்கள். அதில் சமரசமே கூடாது.

அதே ஸ்டெயரின் எல்பி10 வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதில் பின்னுதைப்பை விழுங்கும் சிறிய அமைப்பு உள்ளே இருக்கிறது. எல்பி2-வில் அது கிடையாது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டிருக்கிறேன். எல்பி10-ல் குண்டு கிளம்பிய பிறகு முன் சைட் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கிறது. எல்பி2-வில் லேசாக ஒரு துள்ளல் தெரியும். மொத்தம் 600 புள்ளியில் 560-க்கு மேல் சுடுபவருக்கு அது உதவும். 500-ஐத் தாண்டப் போராடும் ஒருவருக்கு அந்த வித்தியாசம் புள்ளியாக மாறாது. அந்தப் பணம் பெல்லட்டுக்கும் கோச்சுக்கும் போகட்டும்.

எலக்ட்ரானிக் ட்ரிகர் உள்ள மொரினி சிஎம் 162 நம் ஊர் ரேஞ்சுகளில் நிறையப் பார்க்கலாம். அந்த ட்ரிகரின் சுத்தம் வேறு ரகம், சந்தேகமில்லை. இயந்திர ட்ரிகரை நான் தேர்ந்தெடுத்தது எளிமைக்காக: பேட்டரி இல்லை, சர்க்யூட் இல்லை. எந்த பிஸ்டலும் நடுவில் பழுதாகலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், மனு பாக்கருக்குத் தகுதிச்சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி, பொன்னான நிமிடங்கள் போய், 575 புள்ளியோடு 12-ஆம் இடத்தில் நின்றதை நாம் பார்த்தோம். அறுபது குண்டுக்கு 75 நிமிடம்தான். பழுது பார்க்கத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா, உதிரி கிடைக்குமா என்று வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

வாங்கிய பிறகுதான் பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரின் அருமை தெரியும். 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்புகிறோம். ஒரு போட்டிக்கும் அதற்கு முந்தைய பயிற்சிக்கும் அது தாராளம். கடலில் மூழ்குபவர்கள் பயன்படுத்தும் ஸ்கூபா சிலிண்டரிலிருந்து மெதுவாக நிரப்புவது நல்லது. கைப்பம்பில் அடித்தால் நம் கடற்கரை ஊர்களின் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். ஈரம் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். நிரப்பும் முனையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது. சாதாரண உலர்ந்த காற்றைத் தவிர ஆக்சிஜன் போன்ற வேறு எதையும் நிரப்பவே கூடாது. இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து பத்து வருடம்தான் அதன் ஆயுள். காலாவதியான சிலிண்டரைப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று போட்டி விதியே சொல்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு பழைய பிஸ்டல் வாங்கினார். விற்றவர் சிலிண்டர் காலாவதியானதைச் சொல்லவே இல்லை. புதிய சிலிண்டருக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார். வெளியிலிருந்து வர வேண்டிய பொருள் என்றால் நம் நாட்டில் இப்படித்தான்.

பராமரிப்பு என்று பார்த்தால், ரப்பர் சீல்கள் ஒரு முறை மாற்றினேன், அது தேய்மானம். சென்னை வெயிலில் கை வியர்ப்பதால் கிரிப்பையும் இரும்புத் திருகுகளையும் ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுகிறேன். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் எப்போதும் இருக்கும். இவ்வளவுதான்.

பெல்லட்டில் ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டும் நன்றாகப் போகின்றன. பயிற்சிக்கு மலிவான தட்டைமுனைப் பெல்லட்டே போதும். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீயைத் தொட வேண்டும். பிள்ளைகளுக்கு இதை முதல் நாளிலேயே பழக்குங்கள்.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பிரிங் பிஸ்டலில் ஆரம்பிக்கலாமா? என் பதில், வேண்டாம். ஸ்பிரிங் பாயும் அதிர்ச்சியில், குண்டு பேரலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டல் நகர்ந்துவிடும். ட்ரிகரும் கனம். அதைச் சமாளிக்கக் கை கற்றுக்கொள்ளும் பழக்கங்கள் எல்லாம் பிறகு மறக்க வேண்டியவை. இறக்குமதி பிஸ்டல் லட்ச ரூபாயைத் தாண்டும் விஷயம். எல்லா வீட்டிலும் அது முடியாது என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் கிளப் பிஸ்டலில் ஒரு வருடம் சுடுங்கள். கிரிப் மட்டும் சொந்தமாக வாங்கி, அதே மாடல் கிளப் பிஸ்டலில் மாட்டிக்கொள்ள அனுமதி கேளுங்கள். என் ரேஞ்சில் இரண்டு மாணவர்கள் இப்படித்தான் மாநிலப் போட்டி வரை போனார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2016 ஆயுத விதிகளின்படி குழல் அளவு .177 அங்குலத்துக்குள்ளும் (4.5 மி.மீ.), குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள்ளும் அடங்கும் ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல்கள் ஆறு ஜூல் அளவில்தான் சுடுகின்றன. இருபத்தைந்து மீட்டர் போட்டிக்கான .22 பிஸ்டல் அப்படி இல்லை. அதற்கு ஆயுத உரிமம் வேண்டும், விண்ணப்பம், போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. அந்தப் பக்கம் போக ஆசைப்படுபவர்கள் ஏர் பிஸ்டலில் பழகும்போதே கிளப் உறுப்பினர் சான்றையும் போட்டிச் சான்றிதழ்களையும் ஒரு ஃபைலில் சேர்த்து வைக்கத் தொடங்கிவிடுங்கள்.