மலைமேல் இத்தாலியச் சாப்பாடு: பீட்சாவா, பாஸ்தாவா, லசான்யாவா?

மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கொடைக்கானலுக்கு வரும் என் சொந்தக்காரர்கள் ஏரியை ஒரு சுற்று சுற்றி முடித்ததும் கேட்பது, "இங்கே இத்தாலிச் சாப்பாடு நன்றாக இருக்குமாமே?" என்பதுதான். இருக்கும். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் வந்து வீடு கட்டிக்கொண்ட ஊர் இது. 1901-இல் தொடங்கிய பன்னாட்டுப் பள்ளி இன்றும் நடக்கிறது. ரொட்டியும் சீஸும் இங்கே நேற்று வந்தவை அல்ல. ஆனால் எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மெனு அட்டையை விரித்ததும் ஒரு பஞ்சாயத்து தொடங்கும். அதில் என் தீர்ப்பு இது: மலையில் பீட்சாதான், அதுவும் விறகு அடுப்பு இருக்கிற கடையில். பாஸ்தாவை ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

பாஸ்தாவின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. குறை தண்ணீரில் இருக்கிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் இங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் இங்கே துவரம்பருப்பை மசிக்கப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாஸ்தாவைக் குக்கரில் போட்டால் நடுவில் எடுத்துப் பார்க்க முடியாது. பாக்கெட்டில் பத்து நிமிடம் என்று அச்சிட்டிருந்தால் இங்கே அதற்கு மேலும் சில நிமிடங்கள் ஆகும். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். கூட்டமில்லாத நாளில் நல்ல சமையல்காரர் அதைச் செய்வார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு, இருபது மேசைக்கும் ஆர்டர் குவிந்திருக்கும்போது, காலையிலேயே அரைவேக்காடாக எடுத்துவைத்ததை வெந்நீரில் ஒரு முக்கு முக்கி சாஸில் புரட்டித் தருவார்கள். மேலே குழைந்திருக்கும், நடுவில் மாவு வாசனை அடிக்கும்.

அடுத்த எதிரி குளிர். வெள்ளை சாஸ் பாஸ்தா மேசைக்கு வந்து, பெரியப்பா கை கழுவிவிட்டு வந்து, பிள்ளைகள் படம் எடுத்து முடிப்பதற்குள் இறுகத் தொடங்கிவிடும். தட்டைச் சூடாக்கித் தரும்படி கேளுங்கள், கேட்டால் தருவார்கள்.

ஒரே ஒரு பாஸ்தாவுக்கு மட்டும் விதிவிலக்கு. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மிளகாய்த் தூவலும் மட்டும் சேர்ந்த ஆலியோ ஒலியோ. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைத் தாராளமாகப் போட்டிருந்தால் அதன் காரம் மூக்கு வரைக்கும் போகும்.

இனி பீட்சா. அது தண்ணீரை நம்பி இல்லை, அடுப்புக் கல்லை நம்பியிருக்கிறது. நேப்பிள்ஸ் நகரத்துப் பாணியில் கல்லின் சூடு 400 டிகிரிக்கு மேல் போகும். 60 முதல் 90 நொடிகளில் பீட்சா வெந்துவிடும். அந்தக் கைவினையை யுனெஸ்கோ 2017-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் மலைக் கடைகளின் அடுப்பு அவ்வளவு காய்வதில்லை. சில நிமிடங்கள் பிடிக்கும். அதனால் குடி முழுகிவிடாது. குளிர் இங்கே மாவுக்கு உதவி செய்கிறது: இரவில் பிசைந்து வைத்த மாவு மெதுவாகப் புளிக்க ஃபிரிட்ஜ் கூட வேண்டாம், மார்கழிக் குளிரே போதும். மெதுவாகப் புளித்த மாவில்தான் ருசி ஏறும்.

அடுப்புக்கு எதிரே இடம் கிடைத்தால் பிள்ளைகளை அங்கே உட்கார வையுங்கள். சீகை விறகு உள்ளே ஒரு ஓரமாக எரிந்துகொண்டிருக்கும். மாஸ்டர் நீளக் கரண்டியால் பீட்சாவை உள்ளே தள்ளி, நெருப்புப் பக்கம் இருந்த விளிம்பு உப்பிக் கறுப்புப் புள்ளி விழுந்ததும் அரைவட்டம் திருப்பி, வெளியே இழுப்பார். என் அம்மா அந்தப் புள்ளிகளைப் பார்த்து, "கருகவிட்டுவிட்டானே" என்று நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஆனால் சாப்பிடுவார். பாஸ்தாவை முள்கரண்டியில் சுற்றத் தெரியாமல் அவர் திண்டாடும் தர்மசங்கடம் இதில் இல்லை. கையால் எடுத்துச் சாப்பிடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கணக்கும் பீட்சாவின் பக்கம்தான். எட்டு அங்குலத்தில் இரண்டு வாங்குவதை விட பன்னிரண்டு அங்குலத்தில் ஒன்று வாங்கினால் பரப்பு அதிகம்: இரண்டு சிறியவை சேர்ந்து 100 சதுர அங்குலம், பெரியது ஒன்றே 113. பெரியவர் இருவருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். முதலில் மார்கரிட்டா ஒன்று சொல்லுங்கள். தக்காளியும் மொசரெல்லாவும் துளசி இனத்து பேசில் இலையும் மட்டும் இருக்கும் அதில் கடையின் தரம் தெரிந்துவிடும். பனீர் டிக்கா, சோளம், அன்னாசி எல்லாம் குவித்த பீட்சாவில் மாவின் குறை மறைந்துகொள்ளும்.

பாஸ்தா ஏடுகளையும் கறிச்சாறையும் சீஸையும் அடுக்கிச் சுட்ட லசான்யா சோம்பேறிக் குடும்பத்துக்கானது. அடுக்கடுக்காகச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தாமதமாக வருகிறவருக்கும் இளஞ்சூடாவது மிஞ்சும். எங்கள் சித்தப்பாவுக்கு அதைத்தான் சொல்வது. அதன் கறிச்சாறு முறைப்படி மாட்டிறைச்சியில் செய்வது. இங்கே பெரும்பாலும் கோழி. என்ன போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ரிசோட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிண்டிக் கிண்டிக் குழைத்த குண்டு அரிசி. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "வெண்பொங்கலில் மிளகைப் போட மறந்துவிட்டார்கள்" என்றார். மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

நீலகிரிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு திருத்தம். குன்னூர் 1,850 மீட்டர்தான். பாஸ்தாவுக்கு அங்கே கொஞ்சம் கருணை காட்டலாம். 2,240 மீட்டர் ஊட்டியில் நான் சொன்னதெல்லாம் இன்னும் கறாராகப் பொருந்தும். ஆனால் உருளைக்கிழங்கு ஊட்டியில் விளைகிறது, ஆகவே நியோக்கி கிடைத்தால் விடாதீர்கள். கிழங்கை மசித்து மாவு சேர்த்து உருட்டிய சிறு உருண்டைகள் அவை; வெந்ததும் தாமே மேலே மிதந்துவிடுவதால் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. புதுக்கிழங்கு ஈரமாக இருக்கும், சவசவக்கும். கொஞ்ச நாள் கிடந்த மாவுக்கிழங்கே நல்லது.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது சீஸை. அசல் பார்மெசானைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் கொண்டு மட்டுமே உறைய வைப்பார்கள். இத்தாலியில் அதுதான் விதி. நம் ஊரில் செய்யும் சீஸில் பெரும்பாலும் நுண்ணுயிர் ரெனெட்தான், பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும். தூவுவது எந்த சீஸ் என்று கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாடாப் பாஸ்தாவில் முட்டை இருக்கக்கூடும். காய்ந்த ஸ்பகெட்டி பெரும்பாலும் வெறும் கோதுமை ரவை. காபியில் நனைத்த பிஸ்கட்டை அடுக்கிச் செய்யும் டிராமிசுவில் முட்டை, சில இடங்களில் மதுவும். பார்க்கச் சாதுவாக இருக்கும் பாலேட்டு இனிப்பான பன்னா கோட்டாவில், விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். அம்மாவுக்கு வெனிலா ஐஸ்கிரீம் மேல் சூடான காபி ஊற்றித் தரும் அஃபொகாட்டோ போதும். காபி இருக்கிற எதையும் அவர் மறுத்ததில்லை.

எதைச் சொல்வதானாலும் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். மாவு முந்தின இரவே பிசைந்தது. உருண்டைகள் தீர்ந்துவிட்டால் மறுநாள்தான். இரண்டரை மணிக்கு வந்து நிற்கிறவர்களுக்கு அந்த பாஸ்தாதான் மிச்சம்.